ஒரு பாட்டில் தண்ணீரில் ஒளு

பிளாட்பாரத்தில் வாழும் பிள்ளைகளுக்குத் தொழச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், முதலில் தண்ணீர்தான் இடிக்கும்.

சென்னை மண்ணடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் அடைத்திருக்கும். அப்படி ஒரு கடைப் படிக்கட்டில் ஆலிமா அக்கா ஒருவர் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார். ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் நானும் உதவிக்குப் போகிறேன்.

தொழுகைக்கு முன் ஒளு செய்ய வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு முகம், கை, கால் என்று மும்மூன்று தடவை கழுவிப் பழகியவள் நான். இவர்கள் வீட்டில் ஒரு குடம் தண்ணீரில்தான் சமையல், குடிக்க எல்லாமே. "மூணு தபா கழுவுனா அம்மா அடிக்கும்" என்றான் ஒரு பொடியன்.

"ஒரு தடவை கழுவினாலே ஒளு கூடிடும்டா" என்ற அக்கா, அரை லிட்டர் பாட்டிலில் செய்தே காட்டினார். தண்ணீரே இல்லாவிட்டால் சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்திலும் கைகளிலும் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கிறது.

"சுத்தமான மண்ணு இங்க எங்கக்கா இருக்கு?" என்றாள் ஒரு சிறுமி. நியாயமான கேள்விதான்.

அரபு எழுத்து 28, ஃபாத்திஹா சூராவில் 7 வசனம். இதெல்லாம் இவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை, கேட்டே பிடித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் இருப்பார்களா என்பதுதான் தெரியாது.

ஒரு பையன் மூன்று வாரம் எல்லோருடனும் சேர்ந்து குனிந்து நிமிர்ந்தான். அவன் வீட்டில் அம்மன் கும்பிடுகிறவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்துக்காக வந்திருக்கிறான். அக்கா அவன் அம்மாவைத் தேடிப்போய்ப் பேசினார். இப்போது மற்றவர்கள் ஓதும் நேரத்தில் அவனுக்கு நான் அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். பொட்டலம் அவனுக்கும் உண்டு. சோற்றைக் காட்டித் தொழ வைத்தால் அது தொழுகையில் சேராது என்பது அக்காவின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

அவனைப் பார்த்து மற்றவர்களும் சிலேட்டு கேட்டார்கள். அலிஃப், பே தெரிந்தவளுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியவில்லை. குர்ஆனில் முதலில் இறங்கிய சொல்லே 'ஓதுவீராக' என்பதுதானே என்று, அக்கா வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டார்.

மழைக்காலம் வந்தால் படிக்கட்டு நனையும். ஒரு பள்ளிவாசலில் மாடியைக் கேட்டிருக்கிறோம். வெறுங்காலோடு திரியும் பிள்ளைகள், பாய் அழுக்காகிவிடும் என்று அங்கே ஒரு பெரியவர் இழுக்கிறார். அக்கா விடுவதாக இல்லை. பிள்ளைகளின் காலுக்குச் செருப்பு அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கிக்கொடுத்த செருப்பு பிளாட்பாரத்தில் ஒரு ராத்திரி தாங்குமா என்பதுதான் இப்போதைய கவலை.