பி சைடின் கடைசிப் பாட்டு

1991 தீபாவளிக்கு முந்தின வாரம் மாடி வீட்டுப் பெரியப்பா துபாயிலிருந்து வந்தார். சொந்தப் பெரியப்பா இல்லை, வீட்டுக்காரர். பெங்களூரு அல்சூரில் அவர் வீட்டுக் கீழ்ப்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம், முன்பக்கத்தில் அப்பாவின் மளிகைக் கடை. பெட்டியைத் திறந்ததும் டேங் ஜூஸ் பொடி வாசனை வந்தது. அதற்கும் அடியில், சட்டைத் துணிகளுக்கு நடுவே, இரண்டு ஒரிஜினல் கேசட்டுகள். ஒன்றின் அட்டையில் சிலுவையும் அதன்மேல் ஐந்து மண்டையோடுகளும். என் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் பொழுதுமா இத எதுக்கு உள்ள கொண்டாந்த?" என்று மாடி வீட்டு அண்ணனைக் கேட்டாள்.

அந்த அட்டை ‘அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’. இன்னொன்று ‘ஜி என் ஆர் லைஸ்’. இரண்டுமே கன்ஸ் அண்ட் ரோசஸ் என்கிற ராக் பேண்டுடையவை. மாடி வீட்டு அண்ணன் அப்போது இரண்டாம் பியூசி. கிட்டார் வைத்திருந்ததால் தெருவில் அவனுக்குத் தனி மதிப்பு. எனக்குப் பதிமூன்று வயது. ராக் என்றால் என்னவென்று அதற்கு முன் தெரியாது. ‘அப்பிடைட்’ 1987 ஜூலையில் வெளிவந்து, அமெரிக்காவில் முதலிடம் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது என்று பிற்பாடு படித்தேன். எங்கள் தெருவுக்கு வர நாலு வருடம்.

வந்ததும் கட்சி பிரிந்தது. அண்ணன் ஸ்லாஷ் கட்சி. சுருட்டை முடி கண்ணை மறைக்க, உயரத் தொப்பியோடு கிட்டார் வாசிக்கிறவனைத் தவிர மற்றவர்கள் அவனுக்குப் பக்கவாத்தியம். இரண்டு வீடு தள்ளியிருந்த ஆங்கிலோ இந்தியப் பையன், பேண்டின் இன்னொரு கிட்டார்க்காரனான இஸ்ஸி கட்சி. "பாட்டோட எலும்பெல்லாம் இஸ்ஸி போட்டது மச்சா, நீங்க சதையப் பாத்துட்டு குதிக்கிறீங்க" என்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுகிறவன், சங்கீதம் தெரிந்தவன். எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நான் பாடகன் கட்சி. ஆக்ஸல் ரோஸ். ‘அவர்’ என்று இப்போது எழுதினால் யாரையோ சொல்வது மாதிரி இருக்கிறது. எங்களுக்கு அவன்தான்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி அடியில் ஆரம்பிப்பான். அடுத்த வரியில் ஓட்டைத் தகரத்தை ரோட்டில் இழுத்துப்போகிற மாதிரி உச்சிக்குப் போய்விடுவான். ஒரே ஆள்தான் பாடுகிறானா என்று முதல் வாரம் முழுக்கச் சந்தேகப்பட்டேன். ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ கடைசிப் பகுதியில் இசை இருட்டிப்போய் அவன் கத்தத் தொடங்கும்போது எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் செய்யும் அதே இடம்.

அந்தப் பாட்டின் ஆரம்ப கிட்டார், விரல் பழக ஸ்லாஷ் விளையாட்டாக வாசித்துக்கொண்டிருந்ததில் பிறந்தது. அண்ணனுக்கு அது விளையாட்டாக இல்லை. மூன்று மாதம் உட்கார்ந்தான். விரல் படிந்த பிறகும் கேசட்டோடு சேர்ந்து வாசித்தால் சுருதி ஒட்டவில்லை. டேப் ரிக்கார்டர் மெதுவாக ஓடுகிறது என்று முடிவுகட்டி ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் ஹெட்டைத் துடைத்து, பெல்ட்டை மாற்றி, காசு வாங்கிக்கொண்டார். அப்படியும் ஒட்டவில்லை. அந்த பேண்ட் கிட்டார்களை அரை சுருதி இறக்கித்தான் வாசித்தது என்பது எங்களுக்குத் தெரியப் பல வருடம் ஆனது. பாவம், அந்த டேப் ரிக்கார்டர்.

இதற்கு நடுவிலேயே டிசம்பர் வந்தது. காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் விடச் சொன்ன இடைக்கால உத்தரவு, மத்திய அரசிதழில் வெளியானது. 12ஆம் தேதி நகரம் பற்றி எரிந்தது. எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நகரின் மேற்குப் பக்கம் இருந்த சித்தி குடும்பம் அன்று இரவு கட்டிய துணியோடு வந்து சேர்ந்தது. ஊரடங்கு போட்டார்கள். அப்பாவின் கடைப் பலகையில் கன்னடம், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று வரி. தமிழ் வரியின்மேல் அப்பா ஒரு கோணிச் சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டார். சாக்கு சரியாக உட்காராமல் ஒரு ‘ள்’ மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா ஒரு உத்தரவு போட்டாள். வீட்டில் தமிழ்ப் பாட்டுப் போடக் கூடாது. வெளியே கேட்கும். இளையராஜா கேசட்டெல்லாம் பீரோவுக்குள் போயின. பொழுதோ போகவில்லை, சித்தி பிள்ளைகள் வேறு அழுதுகொண்டிருந்தார்கள். இங்கிலீஷ் பாட்டென்றால் பரவாயில்லை, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அப்படித்தான் மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்த நாட்கள் முழுக்க கன்ஸ் அண்ட் ரோசஸ் கேட்டோம். பெரும்பாலும் ‘லைஸ்’ கேசட்டின் பி சைடு. அதில் சத்தம் குறைவு, முக்கால்வாசி அகௌஸ்டிக் கிட்டார். முதல் பாட்டு ‘பேஷன்ஸ்’. டிரம்ஸே கிடையாது. சீட்டியடித்துக்கொண்டு ஆரம்பிப்பான் ஆக்ஸல். சித்தியின் கடைசிப் பையன் அந்தச் சீட்டிக்கு அழுகையை நிறுத்தினான். இது நான் கண்ணால் பார்த்தது. பிறகு இரண்டு பாட்டு, ஏழு நிமிடச் சொச்சம். அதன்பின் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஒன் இன் எ மில்லியன்’. ஆறு நிமிடம். மெட்டு நன்றாக இருக்கும். வார்த்தை யாருக்கும் புரியவில்லை. அவன் மென்று துப்புகிற இங்கிலீஷ் எங்கள் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு எட்டாது. மெட்டை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

1992இல் தெருவுக்குக் கேபிள் வந்தது, கூடவே எம்டிவி. ‘நவம்பர் ரெய்ன்’ ஒளிபரப்பாகும்போது மாடி வீட்டு ஹாலில் உட்கார இடமிருக்காது. கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் கல்யாணம், மழை, சாவு எல்லாம் உண்டு. நடுவே சிற்றாலயத்துக்கு வெளியே வெட்டவெளியில் நின்று ஸ்லாஷ் வாசிப்பான். "கரண்ட் எங்கேருந்து வருதுன்னு கேளு அந்தாள" என்றார் எட்டிப் பார்த்த என் அப்பா. அண்ணன் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

செய்திகளும் வந்தன, தாமதமாக, நடைபாதைப் பழைய புத்தகக் கடை வழியாக. 1991 ஜூலை 2ஆம் தேதி செயின்ட் லூயிஸ் பக்கத்தில் நடந்த கச்சேரி. பாடிக்கொண்டிருந்த ஆக்ஸல், கூட்டத்தில் ஒருவன் கேமரா வைத்திருப்பதைப் பார்த்து, மேடையிலிருந்து அவன்மேல் பாய்ந்தான். பிறகு மைக்கைத் தரையில் அடித்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கூட்டம் அரங்கத்தை உடைத்து நொறுக்கியது, பலருக்குக் காயம். அதோடு விட்டானா? அடுத்து வந்த ஆல்பத்தின் உறையில் அந்த ஊரையே கெட்ட வார்த்தையில் திட்டி அச்சடித்தான். மறுவருடம் ஆகஸ்டில் மான்ட்ரியால். முன்னால் வாசித்த மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டுக்கு மேடை வாணவேடிக்கையில் கை வெந்து, கச்சேரி பாதியில் நின்றது. ரசிகர்களைச் சமாதானப்படுத்த வேண்டியவர்கள் நம்மாட்கள். நேரம் கழித்து ஏறினார்கள். தொண்டை சரியில்லை என்று ஆக்ஸல் சீக்கிரமே இறங்கினான். அங்கும் கலவரம்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் இதெல்லாம் வாதமாக ஓடியது. மணிக்கணக்கில் காத்திருந்தவர்களை விட்டுவிட்டுப் போகிறவன் கலைஞனே இல்லை என்று அண்ணன் சொல்வான். சின்ன வயதில் வீட்டில் கொடுமை அனுபவித்ததாக அவனே சொல்லியிருக்கிறான், இண்டியானாவில் பெந்தகோஸ்தே சர்ச்சில் பாடி வளர்ந்த பையன், மனசு உடைந்த ஆள் என்று கொயர்ப் பையன் இரக்கப்படுவான். எனக்கு ஒரே பதில்தான்: "கோவம் வரலேன்னா அந்தக் குரல் வராதுடா!" அது பதில் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அதைச் சொன்னதும் இரண்டு பேரும் வாயடைத்துப் போவார்கள். எதிர்த்துச் சொல்ல முடியாதபடி அந்தக் குரல் டேப்பில் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணனின் அக்கா எனக்கும் அக்கா. பி.ஏ. ஆங்கில இலக்கியம் முதல் வருடம். கட்சி எதிலும் சேராமல் வடகம் காயவைக்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருப்பாள். பாட்டு வரிகளை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நோட்டில் எழுதுவது அவள் வழக்கம். 1992 கோடை விடுமுறையில் ஒரு நாள் நோட்டோடு மாடிக்கு வந்தாள்.

"டேய் தம்பி, இந்தக் கடைசிப் பாட்டு பிடிக்கும்ன இல்ல? இத வாசி."

வாசித்தேன். கறுப்பர்களுக்கு ஒரு வசை. ஓரினச்சேர்க்கையாளர்களுக்கு ஒரு வசை. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்மேல் ஒரு முழுப் பத்தி எரிச்சல். நம் ஊருக்கு வந்துவிட்டு இஷ்டத்துக்கு நடக்கிறார்கள் என்கிற பேச்சு.

"வந்தேறின்னு சொல்றான். யார்டா அது?"

நான் பேசவில்லை. இதே பேச்சைக் கன்னடத்தில் ஐந்து மாதம் முன்னால் கேட்டிருந்தேன். 1809இல் வெள்ளைக்காரன் கண்டோன்மெண்ட் போட்டபோதே தமிழர்கள் அதன் பின்னால் இந்த ஊருக்கு வரத் தொடங்கியாயிற்று. என் தாத்தாவின் தாத்தா புதைந்திருப்பது இந்த மண்ணில். ஆனாலும் சாக்குத் தொங்கியது எங்கள் பலகையில்.

அண்ணன்தான் அவசரமாகக் குறுக்கே வந்தான். எல்.ஏ.யில் பஸ்ஸை விட்டு இறங்குகிற பட்டிக்காட்டுப் பையன் பாத்திரமாக அவன் பாடுகிறான், நிஜமாக இல்லை என்றான். அக்கா தயாராக வந்திருந்தாள். 1989இல் ஆக்ஸல் கொடுத்த பேட்டி அவளிடம் இருந்தது. கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் வேலை பார்க்கிற ஈரான்காரர்கள், பாகிஸ்தான்காரர்கள், இன்னும் இரண்டு மூன்று நாட்டுக்காரர்கள் தன்னை அந்த ஊர்க்காரன் இல்லை என்கிற மாதிரி நடத்துகிறார்கள் என்று அதில் அவனே விளக்கியிருந்தான்.

"கடைக்காரங்களத்தான் சொல்றான்" என்றாள். கீழே அப்பா யாரிடமோ கன்னடத்தில் வெல்லத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது இதுதான்: கத்தினேன். பாட்டைப் பார்க்கணும், ஆளைப் பார்க்கக் கூடாது. பொண்ணுங்களுக்கு ராக் புரியாது. ஸ்லாஷோட அம்மாவே கறுப்பினம், அவனே கூட நின்று வாசிக்கிறானே, உனக்கென்ன? எல்லாவற்றையும் அள்ளி வீசினேன். ஸ்லாஷுக்கு அந்தப் பாட்டு உறுத்தலாகத்தான் இருந்தது என்பதையும், 1989 அக்டோபரில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் இவர்களோடு அதே மேடையில் வாசித்த லிவிங் கலரின் வெர்னான் ரீட் அந்தப் பாட்டைக் கண்டித்துப் பேசினார் என்பதையும் பின்னால் படித்தேன். அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் கத்தியிருப்பேன். ஊரடங்கு நாட்களில் பயத்தை மறக்க எனக்குக் கிடைத்த ஒரே குரல் அது. அதைப் பிடுங்க வருகிறாளே என்று ஆத்திரம்.

வளர வளர இன்னும் கேள்விப்பட வேண்டியிருந்தது. ‘ஸ்வீட் சைல்ட்’ யாரை நினைத்து எழுதப்பட்டதோ அந்த எரின் எவர்லி, அவன் தன்னை அடித்துத் துன்புறுத்தினான் என்று 1994இல் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றத்துக்கு வெளியே அது முடிந்தது. அந்தப் பாட்டை நான் இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் இசை இருட்டுகிற இடம் வந்ததும் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கிறது. 2018இல் ‘அப்பிடைட்’டைப் பெரிய பெட்டியாக மறுபடி வெளியிட்டபோது, ‘லைஸ்’ பாட்டுகளையும் சேர்த்தவர்கள் ‘ஒன் இன் எ மில்லியன்’ ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள்.

2012 டிசம்பர் 7. இருபத்தோரு வருடம் கழித்து ஆக்ஸல் எங்கள் ஊருக்கே வந்து பாடினான். ஸ்லாஷ் இல்லை, இஸ்ஸி இல்லை, பழைய ஆட்களில் கீபோர்டு டிஸ்ஸி ரீட் மட்டும். அண்ணன் டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். நான் போகவில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது, அன்றைக்குக் கடையில் சரக்கு இறங்குகிற நாள். அப்பாவுக்குப் பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன்.

மாடி வீட்டைப் போன வருடம் இடித்தார்கள். பரணைக் காலி செய்தபோது அந்த ‘லைஸ்’ கேசட் கிடைத்தது என்று அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். ஒரிஜினல் கேசட்டில் மேலே பதியாமல் இருக்க மூலையில் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தது. "கேளு" என்றாள், வேறெதுவும் சொல்லவில்லை. ஓடுகிற டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்க நாலு நாள் ஆனது.

பி சைடு. சீட்டி. ‘பேஷன்ஸ்’ அப்படியே இருந்தது. அடுத்த இரண்டும் இருந்தன. கடைசிப் பாட்டு வர வேண்டிய இடத்தில் டப்பென்று ஒரு சத்தம். பிறகு வெளிக்காற்று, காக்கா, வடகத் தட்டு நகர்கிற ஒலி. டேப் ரிக்கார்டரின் மைக்கிலேயே அக்கா பதிந்திருக்கிறாள். குரல் உடையாத ஒரு பையன் கீச்சென்று கத்துகிறான், பாட்டப் பாரு, ஆளப் பாக்காத என்று. அண்ணன் ஏதோ சொல்கிறான், தெளிவில்லை. பையன் மறுபடி கத்துகிறான். அவன் மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில், தூரத்தில், கீழே கடையில் அப்பா ஒருவரிடம் கன்னடத்திலும் அடுத்தவரிடம் தெலுங்கிலும் பேசிக்கொண்டிருக்கிறார். சில்லறை விழுகிறது. யாரோ அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்கிறார்கள். அப்பா தமிழில் பதில் சொல்லும்போது டேப் முடிந்து பொத்தான் மேலே எழும்பியது.