சத்தமில்லாத துப்பாக்கியும் மாமாவின் மல்லாட்டைக் கழனியும்

நான் படிப்பது பி.காம். துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், சின்ன வயதில் தீபாவளிக்கு வாங்கிய ரோல் கேப் துப்பாக்கியோடு முடிந்துவிட்டது. அப்படி இருக்கும்போது எதற்கு இந்த விஷயம் என்று கேட்பீர்கள். காரணம் பன்னி. காட்டுப்பன்னி.

எங்கள் ஊர் ஐயங்கார்குளம். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் வந்து இறங்கும் நடவாவிக் கிணறு இருக்கும் ஊர் என்றால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் தெரியும். மாமா ஊர் உத்திரமேரூர் தாண்டி. அவருக்குத் தொண்ணூறு சென்ட் கழனி. போன மாசியில் அதில் மல்லாட்டை போட்டிருந்தார் (வேர்க்கடலைதான், எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). காய் பிடித்துப் பால் வைக்கும் நேரத்தில் பன்னி இறங்கிவிட்டது. ஒரு தாயும் ஏழெட்டுக் குட்டிகளும். காலையில் போய்ப் பார்த்தால் டிராக்டர் வைத்து உழுத மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி காவலுக்கு நானும் போனேன். பம்பு செட்டு மேல் மாமா, அவர் மகன், நான். கையில் டார்ச், ஒரு எண்ணெய் டின், ஒரு குச்சி. மணிக்கொரு தரம் டின்னைத் தட்ட வேண்டும். மாமா மகன் பிளஸ் டூ படிக்கிறான், சதா போனில் வீடியோ பார்ப்பான். டின்னைத் தட்டிவிட்டுக் கேட்டான்: "மச்சான், வெளிநாட்ல சத்தமே வராத துப்பாக்கி வெச்சிப் பன்னி சுடறானுங்க. ஒண்ணு விழுந்தாகூடப் பக்கத்துல இருக்கிறது ஓடல. அந்த மாதிரி ஒண்ணு இருந்தா இன்னா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் "அதெல்லாம் வேற மேட்டர்டா" என்று சமாளித்தேன். ஊருக்குத் திரும்பிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி சுட்டால் இரண்டு சத்தம் வருகிறது. ஒன்று, மருந்து எரிந்த வாயு குழாய் முனையிலிருந்து பீறிட்டு வரும் வெடிச்சத்தம். சைலன்சர் அடக்குவது இதைத்தான். இரண்டாவது, தோட்டா காற்றைக் கிழித்துப் போகும் சத்தம். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். தோட்டா அதைவிட வேகமாகப் போனால் வழி நெடுக ஒரு 'சடார்' வரும். வண்டிக்காரர் சாட்டையைச் சொடுக்கும்போது வருகிறதே, அதே சத்தம்தான். சாட்டை நுனி ஒரு கணம் ஒலியைத் தாண்டுகிறது. இந்தச் சத்தத்தை எந்த சைலன்சராலும் அடக்க முடியாது. ஒரே வழி, தோட்டாவை ஒலியை விட மெதுவாக அனுப்புவது.

மெதுவாகப் போகும் தோட்டாவுக்குக் கைத்துப்பாக்கித் தோட்டா தோதானது. கைத்துப்பாக்கித் தோட்டாவை ரைஃபிளில் போடுவது பழைய பழக்கம். 1873இல் வந்த வின்செஸ்டர் ரைஃபிளின் .44-40 தோட்டாவுக்கு, சில வருடங்களில் கோல்ட் கம்பெனி ரிவால்வரே செய்துவிட்டது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, இரண்டுக்கும் ஒரே தோட்டா. எங்கள் பாஷையில் சொன்னால் இன்வென்டரி மிச்சம். ஆனால் நீளமான குழாயில் மருந்துக்கு எரிய இடம் அதிகம் என்பதால், பல கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் ரைஃபிளில் இன்னும் வேகம் பிடித்து ஒலியைத் தாண்டிவிடும். அதனால் கனமான குண்டாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

அதற்குப் பேர்போனது .45 ஏசிபி. குண்டு எடை சுமார் 15 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 260 மீட்டர். பிறவியிலேயே ஒலியை விட மெது. இரண்டாம் உலகப் போரில் வில்லியம் டி லைல் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் லீ என்ஃபீல்டு ரைஃபிளை எடுத்து, .45 குழாய் மாட்டி, அதைச் சுற்றிப் பெரிய சைலன்சர் வைத்துக் கட்டினார். டி லைல் கார்பைன் என்று பெயர். நூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள், கமாண்டோக்களுக்கு. சுட்டால் அடுத்த குண்டுக்குப் போல்ட்டை இழுக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்குமாம்.

அப்படியானால் மாமா மகன் சொன்னது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு வருகிறது.

பிளஸ் டூ பிசிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், தோட்டாவின் ஆற்றல் எடையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 15 கிராம், 260 மீட்டர் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 500 ஜூல் வருகிறது. சாதாரணமாக மான் வேட்டைக்குப் பயன்படும் .30-06 ரைஃபிளில் குண்டு எடை 10 கிராம்கூட இல்லை, ஆனால் வேகம் 880 மீட்டர். ஆற்றல் 3,700 ஜூலுக்கு மேல். அதாவது ஏழு மடங்கு. சத்தத்தைக் குறைக்க வேகத்தைக் குறைத்தோம், வேகம் வர்க்கமாக நம்மிடம் வசூலித்துவிட்டது.

அடுத்தது குண்டு இறங்கும் கணக்கு. மெதுவாகப் போகும் குண்டை பூமி அதிக நேரம் கீழே இழுக்கிறது. 50 மீட்டருக்குச் சரியாகக் குறி வைத்த துப்பாக்கியால் 100 மீட்டரில் இருப்பதைச் சுட்டால் குண்டு ஓர் அடிக்கு மேல் கீழே போகும். ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், கழனி நடுவில் நிற்கும் பன்னி 50 மீட்டரா 80 மீட்டரா என்று யாருக்குத் தெரியும்? நெஞ்சுக்கு வைத்த குறி காலில் படும்.

பன்னியின் உடம்பும் லேசுப்பட்டதல்ல. இதயம் முன்னங்காலுக்குப் பின்னால் ரொம்பத் தாழ இருக்கிறது. வளர்ந்த ஆணுக்குத் தோள்பட்டை மேல் கவசம் மாதிரி தடித்த தோல். வேகமான ரைஃபிள் குண்டு போகிற வழியில் சதையை விரித்துச் சிதைக்கும். மெதுவான குண்டு பெரும்பாலும் தன் அகலத்துக்கு ஒரு ஓட்டை மட்டும் போடும். மூளையிலோ இதயத்திலோ பட்டால் விழும். இல்லையென்றால் ஓடும். எங்கேயோ புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். அல்லது காலையில் அந்தப் பக்கம் போகிற யாரையாவது முட்டிக் கிழிக்கும்.

இதனால்தான் சில நாடுகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் 1991 மான்கள் சட்டப்படி, பெரும்பாலான மான் வகைகளைச் சுடும் ரைஃபிளுக்குக் குறைந்தது 1,700 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். ஏறக்குறைய 2,300 ஜூல். நம்முடைய 500 ஜூல் அதில் கால் பங்குகூட வராது. அங்கே சைலன்சருக்கு உரிமம் வாங்கலாம், காது கெடாமல் இருக்க வேட்டைக்காரர்கள் அதைத்தான் மாட்டுகிறார்கள். அதாவது சத்தத்தைக் குறைத்துக்கொள், ஆனால் மிருகத்தை வதைக்காதே என்கிறது அந்தச் சட்டம். எனக்குப் பிடித்த நியாயம் இது.

அமெரிக்காவில் இந்த மெதுத் தோட்டாவோடு பன்னி சுடுகிறவர்கள் உண்டு. அங்கே பன்னி வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டுப் பெருகிய இனம், பல மாநிலங்களில் கட்டுப்பாடும் குறைவு. அதைச் சரியாகச் செய்கிறவர்கள் பக்கத்தில் போய், தீனி வைத்த இடத்தில், தூரத்தை முன்பே அளந்து வைத்துச் சுடுகிறார்கள். வீடியோவில் நாம் பார்ப்பது விழுந்த பன்னியை மட்டும்தான். ஓடிப்போனதை யாரும் போட மாட்டார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே சைலன்சர் தடை செய்யப்பட்ட ஆயுத வகையில் வருகிறது. வேட்டை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்டு, 1991 திருத்தத்தோடு பொழுதுபோக்கு வேட்டை என்பதே இல்லாமல் போனது. பயிரைத் தின்கிற விலங்கை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி பார்க்கிறது. பீகாரில் 2016இல் மத்திய அரசின் அனுமதியோடு நீலமான்களைச் சுட்டார்கள். இரண்டு மத்திய அமைச்சர்களே அதை வைத்து எதிரும் புதிருமாகப் பேசினார்கள். கேரளாவில் 2022இல் காட்டுப்பன்னியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசாணை வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்னியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி கிடையாது.

நான் இதையெல்லாம் மாமாவிடம் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி. "காட்லர்ந்து நம்ம கழனி எத்தினி கிலோமீட்டர்னு பன்னிக்குத் தெரியுமாடா?"

சிரித்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துக் கழனிக்காரர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கரண்டுக் கம்பி. வரப்பைச் சுற்றி ஒரு கட்டுக் கம்பி, பம்பு செட்டிலிருந்து ஒரு ஒயர். ராத்திரி பத்து மணிக்குப் போட்டு விடியற்காலை அஞ்சு மணிக்கு எடுத்துவிடலாம். "செலவு இருநூறு ரூவாகூட ஆவாது. சத்தமும் இல்ல."

சத்தமில்லாத ஆயுதம் எங்கள் பக்கம் ஏற்கெனவே இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்கும் சோலார் வேலி விட்டு விட்டு ஒரு நொடியின் சிறு பங்கு அதிர்ச்சி கொடுக்கும், விலங்கு பயந்து விலகும். நேரடி 230 வோல்ட் அப்படி இல்லை. தொட்டவரை விடாது. பன்னிக்கு வைத்தது என்று அதற்குத் தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. விவசாயி கைதானார். அதற்கு முன், 2020 மே மாதம் பாலக்காடு பக்கம் வாயில் வெடி வெடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்ததை எல்லோரும் பார்த்தோம். அதுவும் பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காய் மாதிரியான சமாச்சாரம்தான்.

எங்கள் பக்கம் யானை இல்லை. ஆனால் விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணி கட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பால் கறக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாமா மகனே ராத்திரி வரப்பில்தான் டின் தட்டிக்கொண்டு நடக்கிறான்.

காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற திமிரில் மாமாவிடம் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் தொண்ணூறு சென்டில் பன்னி தின்ற மல்லாட்டை. இன்னொரு பக்கம் அந்தக் கம்பியில் ஒரே ஒரு ஆள் பட்டால் ஆகும் செலவு. முதல் பக்கம் ஒரு தொகை வந்தது, சின்னத் தொகை இல்லை, அவருக்கு அது ஒரு வருட நகைக்கடன் வட்டி. இரண்டாவது பக்கத்தில் எதுவும் எழுத முடியவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமா தாளை வாங்கிப் பார்த்தார். "சரி வுடு" என்றார்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் வேடந்தாங்கல். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி பயிருக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. 1798இல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். அந்த ஊர்க்காரர்களுக்குப் பறவையால் லாபம் இருந்தது. மாமாவுக்குப் பன்னியால் ஒரு லாபமும் இல்லை. இருந்தும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம் என்றால், அந்த நஷ்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதே என் கட்சி.

அரசாணைப்படி பஞ்சாயத்துத் தலைவர், வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர் சேர்ந்த குழுவிடம் விண்ணப்பம் கொடுக்கலாம். பயிர் நஷ்டத்துக்கும் மனு போடலாம். இரண்டையும் நானே எழுதி, சிட்டா நகல், போட்டோ எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். குழு போட்டு முடிவெடுப்பது நமக்குப் புதிதா என்ன? கொஞ்சம் சீக்கிரம் எடுத்தால் நன்றாக இருக்கும்.

இன்னும் பதில் வரவில்லை. மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது, பாதிதான் தேறியது. கம்பி கட்டவில்லை. மாமா மகனுக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: அந்தத் துப்பாக்கி இருக்கிறதுடா, ஆனால் அது சத்தத்தைக் குறைத்து வலியைக் கூட்டுகிற துப்பாக்கி. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அடுத்த போகத்துக்கும் டின்னுதானா மச்சான்?" என்றான்.

ஆமாம், டின்னுதான். இந்த முறை எனக்கும் ஒரு டின் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.