கிழித்த தாள்

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில் சிறுப்பிட்டியைப் பற்றி அடிக்கடி கேள்விப்பட்டேன். 1832இல் சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர். இன்று கோப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது. செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அவர் அச்சேற்றினார். உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்றே பதிப்பித்தார். அது பிழை. கடைசி நான்கு இயல்களுக்கும் அதிலே இருந்தது பேராசிரியர் உரை. 1901இல் அவர் மறைந்தபின், இரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழில் அதை எடுத்துக்காட்டினார்.

எனக்குப் பிடித்தது இந்தப் பிழைதான். அச்சில் இருந்தபடியால்தானே திருத்த முடிந்தது? எல்லாம் சரியாகும்வரை வெளியிடமாட்டேன் என்று ஏட்டைப் பெட்டிக்குள் பூட்டியிருந்தால் கறையான் தின்றிருக்கும். கறையானுக்கு எவருடைய உரையும் ஒன்றுதான்.

இப்போது நான் படிப்பிக்கும் வகுப்பிலோ, சிவப்பு மை பட்ட தாளைப் பிள்ளைகள் கிழித்துவிடுகிறார்கள், உம்மா காணக்கூடாதென்று. அடுத்த தவணையிலும் அதே றகர ரகரக் குழப்பம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தாள் இல்லை. வீட்டில் எத்தனை பிழை என்று எண்ணுகிறார்கள். எது பிழை, ஏன் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

அதனால் புள்ளி போடுவதற்கு முன், சிவப்புக்குக் கீழே நீல மையில் திருத்தத்தைப் பிள்ளையையே எழுத வைக்கிறேன். கிழிப்பது குறைந்திருக்கிறது. ஒருத்தி மட்டும் இன்னும் கிழிக்கிறாள். அவளுடைய வாப்பாவை அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், ஏசுவதற்கல்ல. அவருடைய பழைய கொப்பி ஏதும் இருந்தால் கொண்டுவரட்டும்.