மருமகனின் முயல் வேட்டை

காரியாபட்டி

அன்புள்ள செல்விக்கு,

நீ போன்ல கேட்டப்ப என் நாத்தனார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா, அதான் வாயைத் திறக்கல. படிச்சதும் கிழிச்சுப் போட்டுரு.

அவ மகன் பண்ணுன கூத்துதான் விஷயம். சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட்ட கையோட, மறுநாள் ராத்திரி பயலுகளைக் கூட்டிக்கிட்டு முயல் வேட்டைக்குக் கிளம்பிட்டான். நெத்தியில லைட்டு, ரெண்டு சிப்பிப்பாறை நாய். வெளிச்சம் மூஞ்சியில அடிச்சா முயல் திகைச்சு நின்னுரும், நாயை அவுத்துவிட்டா முடிஞ்சது. இதுல என்னடி வீரம் வேண்டிக்கெடக்கு?

ஒண்ணை எங்க வீட்டுக்கும் குடுத்துவிட்டான். அடிவயித்தைப் பாத்தேன், காம்பெல்லாம் பால் கட்டியிருந்துச்சு. குட்டி எந்தப் புதர்ல கெடந்துச்சோ. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன், நாத்தனாருக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. "கோயில்ல கிடாக்கறி தின்னீங்களே அத்தை"ன்னு அவன் மடக்குறான். தின்னேன்தான். ஆனா கிடாயை உசிர் தெறிக்க விரட்டிவிட்டு, அந்த ஓட்டத்தை ரசிச்சுட்டா வெட்டுறோம்?

அடுத்து வெள்ளாமையைக் காப்பாத்துறேன்னு ஒரு சாக்கு. அவங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது! நிலம் வச்சிருக்கிற எங்க சித்தப்பாவைப் பாரு. காட்டுப்பன்னி ஒரே ராத்திரியில கடலைக்காட்டைப் பூராம் கிளறிப் போட்டிருச்சு. மனுசன் வீடு வீடாப் பழைய சேலை வாங்கிக் கொல்லையைச் சுத்திக் கட்டிட்டு, விடிய விடியத் தகரத்தைத் தட்டிக்கிட்டு முழிச்சிருக்காரு. (நீ சித்திக்குப் பொங்கலுக்கு எடுத்துக் குடுத்த பச்சைச் சேலையும் அங்கதான் தொங்குது. நான் சொன்னேன்னு சொல்லிராத.) காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அங்கிட்டு வந்து அழிக்கிற பன்னியை வனத்துறை ஆளுகளே சுடலாம்னு 2025 ஜனவரியில அரசாங்கம் சொல்லிருச்சு. அதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா அது சித்தப்பாவோட நியாயம். அதை இவன் இரவல் வாங்கி முயலைக் கொல்றதுதான் எனக்கு எரிச்சல்.

இதையும் மிஞ்சுன பாவம் அவுட்டுக்காய். வெடிமருந்தை இரைக்குள்ள பொதிஞ்சு போட்டுர்றாங்க, எது வந்து கடிச்சாலும் வாய் சிதறிரும். 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு சினை யானை வாய்ப்புண்ணோட ஆத்துக்குள்ளயே நின்னு செத்துச்சே, ஞாபகம் இருக்கா? சிவகாசிக்கு இம்புட்டுக் கிட்ட இருந்துக்கிட்டு, மருந்து என்ன செய்யும்னு நமக்கா தெரியாது?

சாமியே வேட்டைக்குப் போகுதேன்னும் கேக்குறான். போகுது, விஜயதசமிக்கு வாழைமரத்துல அம்பு விட்டுட்டுத் திரும்பி வந்துருது.

காசு கட்டி வேட்டையாடுறவங்க கதையும் இருக்கு. 2015-ல ஜிம்பாப்வேயில சிசில்ங்கிற சிங்கத்தை ஒரு அமெரிக்கப் பல் டாக்டர் காசு குடுத்துக் கொன்னாரு. அந்தக் காசு காட்டைக் காப்பாத்தும்னு அங்க ஒரு கூட்டம் வாதாடுது. நம்ம பய கட்டுனது அபராதம் மட்டுந்தான்! ஆமா, செத்த முயலுகளை வரிசையாத் தொங்கவிட்டு ஸ்டேட்டஸ் வச்சான். காட்டு விலங்கை வேட்டையாடக் கூடாதுன்னு 1972-லயே சட்டம் வந்தாச்சு, முயலும் அதுல அடக்கம்னு வனத்துறை ஆளுக வந்து நின்னப்பத்தான் அவனுக்குத் தெரியும். நாத்தனார் வளையல் அடகுக்குப் போயிருச்சு. போட்டோவை யாரு அனுப்புனதுன்னு ஊரே தேடுது. சத்தியமா நான் இல்ல.

பங்குனியில அவங்க கோயில் கூட்டம் இருக்கு. அடுத்த சிவராத்திரிக்கு வேட்டை கூடாதுன்னு உங்க அண்ணன் எந்திரிச்சுச் சொன்னா எடுபடும், அங்க அவரு பேச்சுக்கு மரியாதை உண்டு. நைசாப் பேசிப் பாரு. என் பேரை மட்டும் இழுத்துராத.

உன்
பாண்டியம்மா