அளவு பார்க்காத கீழ்ப்படிதல்

மார்ச் 11, தாராவி

லெந்து நாள்களின் விடியல் வாசிப்புக்கு 119ஆம் சங்கீதத்தை எடுத்திருக்கிறேன். வேதாகமத்திலேயே நீளமான அதிகாரம், 176 வசனங்கள். எபிரெய எழுத்துகள் 22. எழுத்துக்கு எட்டு வசனம், எட்டும் அந்த எழுத்திலேயே தொடங்கும். நம் ஆத்திசூடி அகர வரிசையில் நடப்பதைப் போல இதுவும் எழுத்து வரிசையில் நடக்கிறது. ஏறக்குறைய எல்லா வசனத்திலும் ஒரே பேச்சு: கர்த்தருடைய வேதம், அவருடைய கட்டளை. தண்டனைக்குப் பயந்தவன் சட்டத்தை நினைக்கவே விரும்பமாட்டான். இந்தப் பக்தனோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்படுகிறான்.

அப்படிச் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்த ஒருவரையும் இன்று நினைக்கிறேன். 1889இல் இதே நாளில்தான் பண்டித ரமாபாய் இந்த மும்பையில் சாரதா சதனைத் திறந்தார். இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இடம். சமஸ்கிருத சாஸ்திரங்களில் ஊறிய குடும்பத்துப் பெண். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றவர்.

மார்ச் 14

இன்று நான்காவது எழுத்து. மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறேன் என்ற அழுகையில் தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ராத்திரி வெகுநேரம் தையல். அதற்குள் தண்ணீர் வரும் நேரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. ஒரு குடம் பிடித்து வாசலில் வைத்துவிட்டால் பிறனை நேசி என்ற கட்டளை தீர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆனால், அந்தப் பகுதி அழுகையோடு முடியவில்லை. கர்த்தர் இருதயத்தை விசாலமாக்கினால் அவர் கட்டளைகளின் வழியில் ஓடுவேன் என்கிறான், கொஞ்சம் முன்பு மண்ணில் கிடந்தவன். டியூபை அக்கா வீட்டு நீல டிரம்முக்குள் விட்டேன். விளிம்புவரை நிரம்பியது. அப்புறம் என் குடங்கள்.

"உனக்கு இருக்காடி?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"இருக்குக்கா, நீங்க படுங்க."

கட்டளைக்காக மட்டும் செய்திருந்தால் ஒரு குடத்தோடு நிறுத்தியிருப்பேன். எவ்வளவு செய்தால் போதும் என்று கடமை கேட்கிறது. அன்புக்கு அந்தக் கேள்வியே வருவதில்லை.

ஏப்ரல் 1

சங்கீதம் முடிந்தது. கடைசி வசனத்தில், காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப் போனேன், என்னைத் தேடும் என்கிறான். இத்தனை வசனமும் வேதத்தில் மகிழ்ந்தவன், நான் எல்லாவற்றையும் கைக்கொண்டுவிட்டேன் என்று மார்தட்டி முடிக்கவில்லை. கீழ்ப்படிந்து அன்பைச் சம்பாதிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தேடி வருகிறவர் மேல் உள்ள நம்பிக்கையில்தான் கீழ்ப்படிகிறான்.

ஏப்ரல் 5

ரமாபாய் மறைந்த நாள், 1922. 1896–97 பஞ்சத்தில் அவர் மத்திய மாகாணத்துக்குப் போய் நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்தார். புனே அருகில் கேட்காவில் இருந்த அவருடைய முக்தி இல்லம் அவர்களால் நிறைந்தது. அதோடு நின்றிருந்தாலே ஒரு வாழ்நாளுக்குப் போதும். மராத்தியில் வேதாகமமும் அப்போதே இருந்தது. ஆனாலும் சாதாரணப் பெண்களுக்கு அந்த நடை கடினம் என்று கண்டு, எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளிய மராத்தியில் முழு வேதாகமத்தையும் தாமே மொழிபெயர்த்தார். முக்தி இல்லத்துப் பெண்களே அச்சுக் கோத்தார்கள். இப்படிச் செய் என்று எந்தக் கட்டளையிலும் எழுதியிருக்கவில்லை. தான் ருசித்ததை மற்றவர்களும் ருசிக்கவேண்டும் என்ற ஆசை அது.

எங்கள் சந்தில் எழுத்து தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வுநாள் ஆராதனையில் கேட்கிற அளவுதான் அவர்களுக்கு வேதம். நாளை மாலை முதல் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அவர்களுக்குச் சத்தமாக வாசிக்கப்போகிறேன். சங்கீதம் 119, முதல் எழுத்திலிருந்து.