மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு படகுப் பயணம்



ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் எவரேனும் வந்திருந்தால், சிங்கப்பூரில் வாழும் நம் குடும்பங்கள் அவர்களை ஒரு மாலையாவது மரீனா பே பக்கம் அழைத்துச் செல்வது வழக்கம். 2010ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஐ லைட்’ என்னும் ஒளிக்கலை விழா அண்மை ஆண்டுகளில் இந்த மாதத்தை ஒட்டியே நடைபெறுகிறது. கரையெங்கும் ஒளியால் ஆன சிற்பங்கள். அவற்றை நடந்தும் பார்க்கலாம். சிங்கப்பூர் ஆற்றில் ஓடும் படகில் அமர்ந்தும் பார்க்கலாம். படகுப் பயணம் ஏறத்தாழ 40 நிமிடம்.

இது எந்தச் சமயத்தாரின் பண்டிகையும் அன்று. ஆகவே அந்த வகைக் கேள்வி எழுவதில்லை. எனக்கிருந்த தயக்கம் வீண்விரயம் பற்றியது. விழா நாட்களில் சுற்றியுள்ள கட்டடங்கள் தேவையற்ற விளக்குகளை அணைத்துவைக்குமாறும், குளிர்சாதனத்தின் வெப்பநிலையைச் சற்றே உயர்த்துமாறும் ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொள்வதுண்டு. குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகளைக் கொண்டே கலைஞர்கள் தம் படைப்புகளை அமைக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதைக் கணக்கறிந்தவர்கள் சொல்லட்டும். நம்மூர்க் கல்யாண வீடுகளில் தெருமுனை வரை எரியும் சீரியல் விளக்குகளை நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் அம்மாவின் தயக்கம் வேறு. “நான் கபுரைப் பார்க்க வந்தேன்மா. வேடிக்கை பார்க்க வரல” என்றார்கள்.

அம்மாவுக்கு வயது 75. கூத்தாநல்லூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர்கள். எங்கள் ஊரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்று சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது சபர் போனவராக இருந்த ஊர். அந்தச் சின்ன சிங்கப்பூரில் 75 ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், பெரிய சிங்கப்பூரைக் கண்டது இதுவே முதல் தடவை.

அத்தா 1958இல் தம் மாமாவோடு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிவந்தார்கள். அப்போது அவர்களுக்கு 18 வயது. ஆற்றங்கரையில் ‘போட் கீ’ என்னும் இடத்தில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கெழுதும் வேலை. மேல்மாடியில் கிட்டங்கி வாழ்க்கை. 1968இல் திருமணம். 1993இல் இங்கேயே வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எனக்கு அப்போது 13 வயது. தொலைபேசியில் செய்தி வந்தது. முகம் பார்க்க வழியில்லை. அம்மா வீட்டிலேயே இத்தா இருந்து முடித்தார்கள்.

திருமணமாகி 25 ஆண்டுகளில் அத்தா ஊருக்கு வந்தது ஏழு முறை. ஒவ்வொரு முறையும் நான்கு மாதம். கூட்டிப் பார்த்தால் 28 மாதங்கள். இந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னதும் அம்மாதான், அதுவும் வெகு சாதாரணமாக, வெங்காயம் உரித்துக்கொண்டே.

வந்த மறுநாளே சுவா சூ காங்கிற்குச் சென்றோம். நிலம் குறைந்த இந்நாட்டில் கபுருக்கும் 15 ஆண்டுகள் என்று தவணை உண்டு. அதன்பின் எஞ்சியவற்றை மார்க்க முறைப்படி எடுத்து, பலருக்கும் பொதுவான வேறொரு கபுரில் அடக்கம் செய்கிறார்கள். அத்தாவுடையதும் அவ்வாறே மாற்றப்பட்டது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் என் கணவரும் பல நாட்கள் யோசித்திருந்தோம். கேட்டுவிட்டு அம்மா, “கிட்டங்கியிலயும் எட்டுப் பேரோடதானே படுத்திருந்தாக” என்றார்கள். ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, எல்லாருக்குமாகவே துஆ கேட்டார்கள்.

படகுக்குச் சம்மதிக்க வைத்தவர் என் கணவர். “மாமி, மாமா வேலை பார்த்த ஆத்துலதான் படகு போவுது. அந்த வாசல் வழியாவே போவும்.” அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தொழுகை தவறாதுன்னா வர்றேன்” என்றார்கள்.

அப்படித்தான் மஃரிபை சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளியில் தொழுதோம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர், இந்தத் துறைமுகத்தை ஆங்கிலேயர் நிறுவிய ஏழாண்டுகளுக்குள், 1826இல் நிறுவிய பள்ளி அது. இன்றும் அங்கே ஜும்ஆ குத்பா தமிழில் நடைபெறுகிறது. சூலியாக்கள் இங்கு வணிகர்களாக மட்டும் வரவில்லை. நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் ஆற்றங்கரைக்கும் இடையே சரக்கேற்றிய தொங்கான்களைத் தொடக்க காலத்தில் ஓட்டியவர்களில் பெரும்பகுதியினர் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அத்தொழில் சீனர் கைக்கு மாறிற்று. இன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வன அந்தத் தொங்கான்களின் வழிவந்த படகுகள்தாம். முகப்பில் இரு கண்கள் வரைந்திருக்கும். படகு வழி பார்த்துச் செல்லட்டும் என்று சீனப் படகோட்டிகள் வரைந்த வழக்கம் அது என்று என் மகன் விளக்கினான். “ஓட்டுறவருக்குக் கண்ணு நல்லா தெரியுமான்னு கேளு” என்றார்கள் அம்மா.

கிளார்க் கீயில் ஏறினோம். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை அம்மா சத்தமாகவே ஓத, பிள்ளைகள் பின்தொடர்ந்தார்கள். பக்கத்து இருக்கையிலிருந்த மலாய்க் குடும்பம் ஆமீன் சொல்லிற்று. இப்போதைய படகுகள் மின்கலத்தில் ஓடுவதால் இரைச்சல் அதிகமில்லை, பேசினால் கேட்கிறது. அதுவும் நல்லதாயிற்று.

எல்ஜின் பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கம் போட் கீ. வளைந்த கரை, அதை ஒட்டிப் பழைய இரண்டு மாடி, மூன்று மாடிக் கடைவீடுகள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் வங்கிக் கோபுரங்கள். அந்தக் கோபுரங்களின் அடியில் ஓடும் தெருவுக்குச் ‘சூலியா ஸ்திரீட்’ என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. கடைவீடுகளில் பெரும்பாலானவை இப்போது உணவகங்கள், மதுக்கடைகள். அம்மா “அஸ்தஃக்பிருல்லாஹ்” என்று மெல்லச் சொல்லிவிட்டு, விரலால் வாசல்களை எண்ணினார்கள். பாலத்திலிருந்து எத்தனையாவது வாசல் என்று அத்தா எப்போதோ எழுதியிருக்கிறார்கள் போலும். எண்ணிக்கை முடிவதற்குள் படகு நகர்ந்துவிட்டது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது வாசல் அன்று என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

கேவனா பாலம் எதிரே வந்தது. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்கு பாலம். மாடும் குதிரையும் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் அதன் முகப்பில் இருக்கிறது. மிகத் தாழ்வான பாலம். படகு அடியில் நுழைந்தபோது அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்கள்:

“இப்ப தண்ணி ஏத்தமா, வத்தமா?”

எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் அம்மா சொன்னார்கள். கடல் ஏற்றத்தின்போது ஆற்றில் நீர் உயர்ந்துவிட்டால் தொங்கான்கள் இந்தப் பாலத்தடியில் நுழைய முடியாது. நீர் வற்றும்வரை வெளியே காத்து நிற்கும். மூட்டைகள் வராது, சுமந்து வருவோரும் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கப்பிள்ளைக்கு அந்த நேரம் ஓய்வு. அத்தா கடிதம் எழுதியதெல்லாம் அப்போதுதான். ‘இப்பொழுது தண்ணீர் ஏற்றம்’ என்றே பல கடிதங்கள் தொடங்கும். அம்மாவுக்கு இந்தப் பாலத்தைத் தெரியும். அதன் பெயர் மட்டும் தெரியாது.

“இப்ப ஏத்தமும் இல்ல, வத்தமும் இல்லம்மா” என்றேன். 2008இல் கடல்வாயில் தடுப்பணை கட்டித் திறந்தார்கள். ஆறும் விரிகுடாவும் சேர்ந்து நன்னீர்த் தேக்கமாகிவிட்டன. நீர்மட்டம் எப்போதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்.

“அப்படியா” என்றார்கள். பிறகு, “அதான் கடல் வாடையே இல்ல.”

சபர் என்பது நம்மவர் வாழ்வில் எவ்வளவோ நன்மைகளைக் கொண்டுவந்தது, மறுப்பதற்கில்லை. பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், நான் படித்த படிப்பு, எல்லாம் அந்த உண்டியல் பணம்தான். ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, கணவன் படைக்குச் சென்றுவிட்ட ஒரு பெண்ணின் ஏக்கக் குரலைக் கேட்டதும், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்ததும், அதன்படி படைவீரர்களின் பிரிவுக்கு வரம்பு விதித்ததும் நாம் பயான்களில் கேட்டிருப்பதே. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. எந்த அறிவிப்பை எடுத்துக்கொண்டாலும் எங்கள் ஊர்க் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊர்களில் ‘மாப்பிள்ளை சபுராளி’ என்பது பெருமைக்குரிய விலாசமாக இருந்தது. வளைகுடாவில் மாப்பிள்ளை என்று இன்றும் இருக்கிறது. காணொளி அழைப்பு வந்துவிட்டதே என்பார்கள். அது கடிதத்தைவிட நல்லதா என்பதை வீட்டிலிருக்கும் பெண்களைக் கேட்டால்தான் தெரியும். நாம் கேட்பது குறைவு.

படகு எஸ்பிளனேட் பாலத்தைத் தாண்டி விரிகுடாவில் நுழைந்தது. இங்கேதான் விளக்குகள். நீல நிறத்தில் எதுவோ மிதந்தது. கரையில் பெரிய மலர்கள் விரிந்து மூடின. பிள்ளைகள் இருவரும் இரு பக்கமும் ஓடினார்கள். அழகாகத்தான் இருந்தது. தண்ணீரில் தலைகீழாக எரிந்த விளக்குகள் கரையிலிருந்தவற்றைவிட எனக்குப் பிடித்திருந்தன.

அம்மா சிங்கமுகச் சிலையையோ ஒளிவேலைப்பாடுகளையோ பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தார்கள், பேத்தி காட்டியதையெல்லாம் பார்த்து, மாஷா அல்லாஹ் சொன்னார்கள். நடுவில், “கப்பல் எங்க நிக்கும்?” என்று கேட்டார்கள். இங்கேதான், நாம் மிதக்கும் இடத்தைச் சுற்றித்தான் என்றேன். இன்று வானளாவிய விடுதி நிற்கும் தரையும் கடலாகவே இருந்தது. எழுபதுகளில் தூர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தெலுக் ஆயர் கரையைத் தூர்த்தாயிற்று. அங்கே 1828இல் கட்டத் தொடங்கிய நாகூர் தர்காவும், அருகே ‘குச்சுப் பள்ளி’ என்று நம்மவர் அழைத்த அல் அப்ரார் பள்ளியும் அலைகளுக்கு எதிரே நின்றவை. இன்று நடுத்தெருவில் நிற்கின்றன. தர்காக்களைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அது இங்கே என் பொருளன்று. கடலைக் கடந்து உயிரோடு கரையேறியவர்கள் முதலில் செய்தது ஸஜ்தா செய்ய ஓர் இடம் தேடியதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

என் மகள் கேட்டாள்: “நன்னி, நன்னா ஏன் உங்களைக் கூட்டிட்டு வரல?”

இந்தக் கேள்வியை நான் ஒருபோதும் அம்மாவிடம் கேட்டதில்லை. அம்மா உடனே பதில் சொன்னார்கள், பல்லாண்டுகளாகத் தயாராக வைத்திருந்ததைப்போல. “எம்பத்துமூணுல வர்றியான்னு எழுதினாக. ஆத்துலேர்ந்து தொங்கான் எல்லாத்தையும் கிளப்பிட்டாக, கடையில வேலை கம்மி, சின்னதா ஒரு வீடு பார்க்கவான்னு கேட்டாக. என் மாமியார் அப்பப் படுக்கையில. நாந்தான் வேண்டாம்னு எழுதினேன்.”

1983இல்தான் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்கிற்கு இடம் மாற்றினார்கள். பத்தாண்டுகள் நடந்த ஆற்றுத் தூய்மைப் பணியின் ஒரு பகுதி அது. ஆறு சுத்தமானது, கரையோர வணிகம் கலைந்தது. இதை நான் பள்ளிப் பாடநூலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஆண்டு எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு கடிதமாக வந்து சேர்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது.

“வருத்தமா நன்னி?” என்றாள் மகள்.

“மாமியா என் மடியிலதான் மவுத்தானாக” என்றார்கள் அம்மா. அதற்குமேல் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திரும்பும்போது மறுபடியும் கேவனா பாலம். அம்மா இருக்கையிலிருந்தே கையை உயர்த்திப் பார்த்தார்கள், எட்டவில்லை. இறங்கும்போது படகு அசைந்ததால் படகோட்டி கை நீட்டினார். அம்மா பேத்தியின் தோளைப் பிடித்து இறங்கினார்கள். மணி எட்டரைக்குச் சற்று முன். இஷாவுக்கு அதே பள்ளிக்குத் திரும்பினோம்.

முதியோரை அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு இரண்டொரு செய்தி. வாரநாளில் செல்லுங்கள், வார இறுதியில் வரிசை நீளம். ஜூனில் மஃரிப் ஏழேகால் மணிக்குச் சற்று முன் வந்துவிடும். தொழுதுவிட்டு ஏறினால் இஷாவுக்குள் இறங்கிவிடலாம். தண்ணீர்மேல் காற்று இருக்கும், ஒரு மேலாடை போதும். படகின் பின்பக்கம் திறந்தவெளி. இளையவர்கள் அங்கே போய்விடுவார்கள், ஆதலால் பெரியவர்களுக்கு உள்ளே இடம் கிடைக்கும். ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் விழா இல்லாத பகல் வேளையே மேல்.

அம்மா ஊர் திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. தகரப் பெட்டியிலிருந்த கடிதங்களைக் கொட்டி, தண்ணீர் ஏற்றம் என்று தொடங்குபவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்களாம். இதுவரை 41. அவற்றை என் மகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அத்தாவின் கையெழுத்துக் கூட்டெழுத்து. அவளோ அச்சுத் தமிழையே தடுக்கித் தடுக்கிப் படிப்பவள். வாரம் ஒரு கடிதம் என்று இருவரும் தொலைபேசியில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள்.