லேபிள் இல்லாத டப்பா

செகண்ட் இயர் ஆரம்பத்துல என் எடை 97 கிலோ. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

நம்ம இதழ்ல நான் எழுதுறது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க. இதை இங்கிலீஷ்லயே எழுதியிருக்கலாம். ஆனா இங்கிலீஷ்ல எழுதினா ஏதோ ரிப்போர்ட் மாதிரி எழுதித் தப்பிச்சுடுவேன். தமிழ்ல எழுதினா எங்க அம்மாவும் படிப்பாங்க. அவங்களுக்கும் இது இன்னும் தெரியாது.

இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல சார் 'பாயிண்ட் லோடு'ன்னு சொன்ன அன்னைக்கு மொத்த பெஞ்சும் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அன்னையிலிருந்து என் பேர் லோடு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். குண்டா இருக்கிறவங்களுக்கு அந்தச் சிரிப்பு நல்லா வரும், பழகிடும். ஆனா மெஸ்ல மூணாவது தோசைக்குத் தட்டை நீட்டும்போது பின்னாடி யாராவது பார்க்குறாங்களான்னு திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போகவே இல்ல.

காலேஜுக்கு வெளியில ஒரு ஜிம். அங்க இருந்த மாஸ்டர் ரெண்டே வாரத்துல என் பிரச்சனையைக் கண்டுபிடிச்சுட்டார். "தம்பி, உனக்கு வொர்க்அவுட் மட்டும் பத்தாது." ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே 30 கேப்ஸ்யூல். மேல லேபிள் இல்ல, பேர் இல்ல, தேதி இல்ல. "ஹெர்பல்தான், பயப்படாத." விலை 1,800 ரூபாய், கேஷ் மட்டும். பில் கேட்டேன். சிரிச்சார். நானும் சிரிச்சேன். அதான் சொன்னேனே, எனக்குச் சிரிக்க நல்லா வரும்.

வேலை செஞ்சுச்சு. அதை மறைக்கக் கூடாது. பசியே எடுக்கல. 18 நாள்ல 6 கிலோ குறைஞ்சுது. ஆனா வாய் எப்பவும் காய்ஞ்சே கிடக்கும். ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும், நெஞ்சு யாரோ உள்ளே இருந்து கதவைத் தட்டுற மாதிரி அடிச்சுக்கும். ஒரு நாள் லேப்ல சால்டரிங் பண்ணும்போது கை நடுங்கி, அயர்ன் விரல்ல பட்டுச்சு. அன்னைக்கு மிச்சக் கேப்ஸ்யூலை எல்லாம் டாய்லெட்ல கொட்டினேன்.

அதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்ல.

ஹாஸ்டல்ல எல்லாரும் கேட்டாங்க, எப்படிடா குறைச்சேன்னு. "நைட்டு சாதம் சாப்பிடுறதில்ல, காலைல ரன்னிங்." ரூம்மேட்டும் கேட்டான். அவன் பேரைப் போட வேண்டாம்னு சொல்லியிருக்கான், எம்.கே.ன்னு வச்சுக்குவோம். அவன்கிட்டயும் அதே பதில். ஒரு மாசம் கழிச்சு அவன் அலமாரியில அதே வெள்ளை டப்பாவைப் பார்த்தேன். ஜிம்ல அவன்கிட்ட சொல்லியிருக்காங்க: "உன் ரூம்மேட்டைப் பாரு, இதான் சாப்பிட்டான்." அதாவது விளம்பரமே நான்தான். எம்.கே.யும் என்கிட்ட வந்து, நீ ஏன் பொய் சொன்னேன்னு கேட்கல. நானும் அவன்கிட்ட, அதைச் சாப்பிடாதேன்னு சொல்லல. சொன்னா நான் குறைச்ச 6 கிலோவும் பொய்யாயிடுமே.

ஒன்பது நாள் கழிச்சு மெஸ் க்யூவுல மயங்கி விழுந்தான். வார்டன் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தாங்க. கேஷுவாலிட்டி டாக்டர், "ஏதாவது மாத்திரை எடுக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. எம்.கே., "இல்ல மேடம்." அவங்க என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க ரூம்மேட்தானே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

வெளியில பெஞ்சுல இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உள்ளே போய் எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் திட்டல. "இதை முதல்லயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. ரெண்டு நாள்ல எம்.கே. டிஸ்சார்ஜ். இப்போ நல்லா இருக்கான்.

போன வருஷம் எதிக்ஸ் பேப்பர்ல ஒரு செமினார் கொடுக்கணும். எல்லாரும் வழக்கம்போல சேலஞ்சர் விண்கலம், ஃபோர்ட் பின்டோ கார்னு எடுத்தாங்க. நான் உடல் எடை மருந்துன்னு தேட ஆரம்பிச்சேன். அப்போ கிடைச்சதுதான் பிரான்ஸ் நாட்டு மீடியேட்டர் வழக்கு.

மீடியேட்டர், செர்வியே என்ற கம்பெனியின் மருந்து. 1976-ல் சந்தைக்கு வந்தது. காகிதத்தில் அது எடை கூடிய சர்க்கரை நோயாளிகளுக்கானது. நடைமுறையில் பசியைக் குறைக்கும் மாத்திரையாக ஏராளமானோர் சாப்பிட்டார்கள். மொத்தம் சுமார் 50 லட்சம் பேர். பிரச்சனை என்னவென்றால், இந்த மருந்து உடலுக்குள் போய் நார்ஃபென்ஃப்ளூரமின் என்ற பொருளாக மாறும். ஃபென்ஃப்ளூரமின் என்ற இன்னொரு எடைக்குறைப்பு மருந்தும் உடலில் அதே பொருளாகத்தான் மாறும். அந்த ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வுகளைக் கெடுக்கிறது என்று தெரிந்து, 1997-லேயே அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். அங்கே ஆயிரக்கணக்கானோர் வழக்குப் போட்டார்கள். 1999-ல் அந்தக் கம்பெனி 375 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது.

ஆனால் மீடியேட்டர் பிரான்சில் அதன் பிறகும் பன்னிரண்டு வருஷம் விற்றது. ப்ரெஸ்ட் நகர ஆஸ்பத்திரியில் இரேன் ஃப்ராஷோன் என்ற நுரையீரல் டாக்டர், தன் நோயாளிகளின் ஃபைல்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, இதயக் கோளாறு வந்தவர்களில் யார் யார் மீடியேட்டர் சாப்பிட்டார்கள் என்று கணக்கு எடுத்தார். 2009-ல் மருந்து நிறுத்தப்பட்டது. 2010-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். 'எத்தனை சாவுகள்?' என்ற அதன் துணைத்தலைப்பை எடுக்கச் சொல்லி கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. எத்தனை சாவுகள் என்பதற்கு 500-லிருந்து 2,100 வரை மதிப்பீடுகள் இருக்கின்றன.

2021-ல் பாரிஸ் நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளி என்றது. ஏமாற்றியது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தது, இரண்டுமே. அபராதம் 27 லட்சம் யூரோ. கண்டும் காணாமல் இருந்த அரசு மருந்து ஏஜென்சிக்கும் அபராதம். 2023 டிசம்பரில் மேல்முறையீட்டில் கம்பெனியின் அபராதம் 90 லட்சம் யூரோவைத் தாண்டியது. அதோடு, இந்த மாத்திரைக்காக மருத்துவக் காப்பீட்டு அமைப்புகள் செலவழித்த 41.5 கோடி யூரோவையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

இதை ஸ்லைடு போட்டுக் காட்டினேன். கேள்வி நேரத்துல சார் கேட்டார்: "சைடு எஃபெக்ட் இல்லாத மருந்தே கிடையாதே, அப்போ எதுக்கு தண்டனை?" நான் படிச்சதை ஒப்பிச்சேன்: "சைடு எஃபெக்ட் இருந்ததுக்காக இல்ல சார். தெரிஞ்சும் சொல்லாததுக்கு." கிளாஸ் கை தட்டுச்சு. கடைசி பெஞ்சுல எம்.கே. உட்கார்ந்திருந்தான். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

இப்போ ஊசிகளோட காலம். ஒசெம்பிக், வீகோவி, மௌன்ஜாரோன்னு ரீல்ஸ்ல நீங்களும் பார்த்திருப்பீங்க. வீகோவியும் மௌன்ஜாரோவும் 2025-ல இந்தியாவுக்கு வந்தாச்சு. இவை முறையான சோதனை முடிஞ்சு, அனுமதி வாங்கின மருந்துகள். டாக்டர் சீட்டு இருந்தாதான் தரணும். நிறைய பேருக்கு நிஜமாவே பலன் இருக்கு. என் வெள்ளை டப்பாவோட இவற்றை ஒண்ணாச் சேர்க்காதீங்க. ஆனா அமெரிக்காவுல இவற்றின் மேலும் ஆயிரக்கணக்குல வழக்கு இருக்கு. வயிறு சரியாக் காலியாகாம ஸ்தம்பிச்சுப் போற கோளாறு வந்துச்சு, அதைப் பத்தித் தெளிவா எச்சரிக்கலன்னு புகார். 2024-ல இருந்து பென்சில்வேனியாவில் ஒரே ஃபெடரல் கோர்ட்டில் சேர்த்து விசாரிக்கிறாங்க. கம்பெனிகள் மறுக்குறாங்க. அங்கயும் கேள்வி அதேதான்: தெரிஞ்சதைச் சொன்னீங்களா?

நம்ம நாட்டுலயும் சட்டம் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பொருளால பாதிக்கப்பட்டா இழப்பீடு கேட்க ஒரு தனி அத்தியாயமே இருக்கு. சரியான எச்சரிக்கை தராததும் அதுல ஒரு காரணம். ஆனா நான் யார்மேல வழக்குப் போட முடியும்? பில் இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, கம்பெனி பேரே இல்ல. இருந்த ஒரே சாட்சியத்தையும் டாய்லெட்ல கொட்டிட்டேன். சிபுட்ரமின்னு ஒரு மருந்து, இதயத்துக்கு ஆபத்துன்னு பல நாடுகள்ல நிறுத்தினது, 'ஹெர்பல்'னு விக்கிற கேப்ஸ்யூல்கள்ல ஒளிஞ்சிருக்கிறதா அமெரிக்க எஃப்.டி.ஏ. திரும்பத் திரும்ப எச்சரிச்சிருக்கு. நான் முழுங்கினதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்பவுமே தெரியப்போறதில்ல.

அதனால உங்ககிட்ட சில விஷயம் மட்டும். டாக்டர் எழுதித் தராத எடைக்குறைப்பு மருந்தைத் தொடாதீங்க. மருந்து வாங்கினா பில்லையும் அட்டையையும் ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உடம்புக்கு ஏதாவது பண்ணினா 1800-180-3024-க்கு ஃபோன் பண்ணுங்க, மருந்துப் பக்கவிளைவைப் பதிவு பண்ற இலவச எண் அது. அதைவிட முக்கியம், பக்கத்து கட்டில்ல இருக்கிறவன்கிட்ட சொல்லுங்க. வெட்கமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு.

செமினார் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி எம்.கே.கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "நீ மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பியே, அப்பவே எனக்குச் சந்தேகம்டா. கேட்டா நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்"னான். அப்புறம் ரெண்டு பேரும் கேன்டீன் போய் பரோட்டா சாப்பிட்டோம்.

இப்போ என் எடை 92. மாஸ்டர் இன்னும் அதே ஜிம்லதான் இருக்கார். இந்த வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க நிறைய பேர் சேர்ந்திருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். உங்ககிட்ட யாராவது வெள்ளை டப்பாவை நீட்டினா, வாங்குறதுக்கு முன்னாடி மூணாவது மாடிக்கு வாங்க. லோடு ரூம் எதுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க.